மூக்கு கீழே இருந்த கார்

ஊமை என்று பேர் வாங்கியவனுக்குப் பேச்சு வராமல் இல்லை. ஒன்றைச் சொல்வதற்கு முன்னால் அதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று ஒருமுறை யோசிப்பான். யோசித்து முடிப்பதற்குள் எதிராளி வேறு பேச்சுக்குப் போயிருப்பான். அவ்வளவுதான் விஷயம். கல்யாணமான புதிதில் மாமியார்கூட மகளைத் தனியாகக் கூப்பிட்டு, உன்னிடமாவது பேசுகிறாரா என்று கேட்டிருக்கிறாள். தேவைக்குப் பேசுகிறார் என்றாளாம் மகள்.

அதே வீட்டின் இளைய மகளைக் கட்டியவன் இதற்கு நேர் எதிர். அவனுக்கு ரேடியோ என்று பேர். வாயில் பல் துலக்கும் பிரஷ் இருக்கும்போதுகூட அவன் பேச்சு நிற்காது. சகலைகள் இருவரும் கூட்டாக கார் பட்டறை வைத்தபோது சொந்தக்காரர்கள் மத்தியில் ஒரு கேலி ஓடியது. ஒருத்தனுக்கு வாயே கிடையாது, இன்னொருத்தனுக்கு வாயைத் தவிர எதுவும் கிடையாது, இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் தேறும் என்றார்கள்.

தேறத்தான் செய்தது. எஞ்சினைப் பிரிப்பதும் கோப்பதும் ஊமையின் பாடு. வருகிறவர்களை உட்காரவைத்து, டீ வரவழைத்து, வந்த வேலையோடு வராத வேலையையும் தலையில் கட்டுவது ரேடியோவின் பாடு. காரியம் ஆகவேண்டும் என்றால் ஊமையை அண்ணே என்பான். கிண்டல் செய்யவேண்டும் என்றால் சகலை என்பான். ஊமைக்கு அவனைப் பிடிக்கும். தனக்கு வராத ஒன்று இன்னொருத்தனுக்குத் தண்ணீர் பட்ட பாடாக வருவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

பட்டறை ரயில் பாதையை ஒட்டிய தெருவில் நீளமான ஒரு கொட்டகை. முன்னால் ஒரே ஒரு ஷட்டர். ஒரு பக்கச் சுவரோரம் பழைய டயர்கள் அடுக்கியிருக்கும். எதிர்ப்பக்கம் கனத்த மர மேசை. அதன் மூலையில், இரும்பைக் கடித்துப் பிடித்துக்கொள்கிற வைஸ். அதன் கைப்பிடி ஊமையின் உள்ளங்கை பட்டுப் பட்டு வெள்ளிபோல் மின்னும்.

அந்தத் தெருமுனையில், மாடியில், ஒரு உடற்பயிற்சிக் கூடம் இருந்தது. அதை நடத்துகிறவனை அவனிடம் படித்த பையன்கள் மாஸ்டர் என்று கூப்பிட, தெருவும் அப்படியே கூப்பிட்டது. கழுத்தும் தலையும் ஒரே அகலமாக இருக்கிற ஆள். தாய் சீக்கிரம் போய்விட்டதால் தம்பியை வளர்த்தது பாதி அவன்தான். தம்பி எடை தூக்குகிற போட்டிகளுக்குப் போவான். தம்பி ஜெயித்த பதக்கங்களை மாஸ்டர் தன் கூடத்தின் வாசலில், நுழைகிறவன் தலையில் இடிக்கிற மாதிரி மாட்டி வைத்திருந்தான்.

மாஸ்டர் ஒரு சிவப்புக் கார் வாங்கினான். செகண்ட் ஹேண்ட்தான், ஆனால் தரையைத் தொட்டுக்கொண்டு பாய்கிற ஜாதி. வாங்கிய வாரமே பட்டறைக்குக் கொண்டுவந்து, அதற்குக் குளிர்ந்த காற்று இழுக்கிற இன்டேக் வைக்கவேண்டும் என்றான். எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கிற காற்று சூடாக இருக்கும். அதனால் காற்று போகிற பைப்பை நீட்டி, ஃபில்டரை எஞ்சினை விட்டுத் தள்ளி, முன்பம்பருக்குப் பின்னால் சக்கரத்தின் ஓரமாகக் கீழே இறக்கிவிடுவார்கள். வெளிக்காற்று குளிர்ச்சியாகக் கிடைக்கும், வண்டி இன்னும் கொஞ்சம் துள்ளும், உறுமலும் கூடும். மாஸ்டருக்கு வேண்டியிருந்தது அந்த உறுமல்தான் என்பது ஊமைக்குத் தெரியும்.

ஊமை அதைச் செய்து கொடுத்தான். மழைக்காலம் பக்கத்தில் இருந்ததால் அவனாக இரண்டு மூன்று காரியங்களைச் சேர்த்தும் செய்தான். சக்கரம் வாரியடிக்கிற தண்ணீர் படாதபடி ஃபில்டருக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தகடு வைத்து ஸ்க்ரூ முடுக்கினான். காற்றை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் வழித்துவிடுகிற துணிக் கவர் ஒன்றை, காலுறை மாட்டுவதுபோல் ஃபில்டருக்கு மாட்டினான். கூடவே ஒரு குட்டைப் பைப்பை டிக்கியில் போட்டான். அடைமழை என்றால் நீளப் பைப்பைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டிக்கொள்ளலாம். ஃபில்டர் மேலே, பானெட்டுக்கு அடியிலேயே நின்றுவிடும்.

சாவியைக் கொடுக்கும்போது அவனுக்கு அது ஒரு பெரிய சொற்பொழிவு.

"மாஸ்டர், இப்ப இந்த வண்டிக்கு மூக்கு கீழ இருக்கு. தண்ணி தெறிச்சா கவர் பாத்துக்கும். தேங்கின தண்ணியில மட்டும் இறக்காதீங்க. எஞ்சின் தண்ணியக் குடிச்சா அத்தோட சரி."

மாஸ்டர் தலையை ஆட்டினான். கண் முழுக்கக் காரின் மேல் இருந்தது.

மழை வந்தது. வந்த மழை விடவில்லை. ஒரு காலையில் தம்பிக்காரன் ஏதோ போட்டிக்கு எடை பார்க்கப் போகவேண்டும் என்று அண்ணனின் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ரயில் பாதைக்கு அடியில் போகிற சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றது. முன்னால் ஒரு பஸ் அலையடித்துக்கொண்டு கடந்து போனதைப் பார்த்து, அது போனால் நானும் போவேன் என்று இறக்கிவிட்டான். நடுவில் போனதும் எஞ்சினுக்குள்ளிருந்து சுத்தியலால் ஒரே அடி அடித்த மாதிரி சத்தம் வந்து வண்டி நின்றது. பயல் பலசாலி. இறங்கிப் பின்னால் போய், தள்ள ஆரம்பித்தான். மேட்டிலிருந்து இறங்கிய லாரிக்கு பிரேக் நனைந்து பிடிக்கவில்லை. லாரியின் முன் இரும்புக்கும் காரின் பின்பக்கத்துக்கும் நடுவில் அவன் மாட்டினான். ஒரு காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டுத்தான் உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

செய்தி தெருவுக்கு வந்த அன்று ஊமை சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் போலீஸ் யார்டில் கிடந்த காரைத் தேடிப் போனான். பின்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. முன்பக்கத்தில் ஹெட்லைட்டின் பாதி உயரம் வரைக்கும் சேற்றுத் தண்ணீர் கோடு போட்டு வைத்திருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் படுத்து, பம்பருக்குப் பின்னால் கையை விட்டான். ஃபில்டர் வெறுமையாக, ஊறிய ரொட்டிபோல் கையில் பட்டது. துணிக் கவர் இல்லை. தகடும் இல்லை. தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருந்தால் ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் பிய்ந்திருக்கும். அவை ஒழுங்காக, வட்டம் கெடாமல் இருந்தன. யாரோ நிதானமாகக் கழற்றியிருக்கிறார்கள்.

பட்டறைக்கு வந்து ரேடியோவிடம் கேட்டான். கவரைக் கழற்றினாயா என்றுதான் கேட்டான்.

"எனக்கு என்ன தெரியும்" என்றான் ரேடியோ. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

ரேடியோ மூன்று சொல்லில் பதில் சொன்னால் அது பொய் என்று ஊமைக்குத் தெரியும். உண்மை என்றால் அரை மணி நேரம் ஓடும். ஆனாலும் அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. நாளைக்குத் தானாகவே சொல்வான் என்று விட்டுவிட்டான்.

அந்த நாளை வரவில்லை. அன்று மத்தியானமே மழையோடு மழையாக மாஸ்டர் வந்தான். கூட இரண்டு பையன்கள், அவன் கையால் வளர்ந்த உடம்புகள். உள்ளே வந்ததும் ஒரு பையன் ஷட்டரை இழுத்து இடுப்பளவு உயரத்தில் நிறுத்தினான். மாஸ்டர் இரண்டு நாள் தாடியோடு இருந்தான். சட்டைப் பட்டன்களை ஓட்டை மாற்றிப் போட்டிருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வருகிறான் என்பது வாசனையிலேயே தெரிந்தது.

ஊமை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்க வாயைத் திறந்தான். கேட்பதற்குள் மாஸ்டரின் முஷ்டி அவன் வாயில் இறங்கியது. பின்னால் விழுந்தவனின் தலை, வேலைக்கு வந்து நின்ற ஒரு காரின் கதவில் மோதியது. முன்பல் ஒன்று நாக்கின் மேல் கழன்று கிடந்ததை அவன் துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா கவர் போடல?" என்றான் மாஸ்டர்.

"போட்டேன்."

"போட்டிருந்தா எங்கடா?"

ஊமை ரேடியோவைப் பார்த்தான். ரேடியோ டயர் அடுக்கோடு அடுக்காக ஒட்டிக்கொண்டு நின்றான். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. ஊமை பார்த்ததை மாஸ்டரும் பார்த்தான். பார்த்துவிட்டு அவசரமாகக் கண்ணை எடுத்துக்கொண்டான். அப்போதே அதில் ஏதோ இருக்கிறது என்று ஊமைக்குப் பட்டது. ஆனால் யோசிக்க நேரமில்லை. பையன்கள் இருவரும் அவனைத் தூக்கி மேசைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

"எந்தக் கையால அந்தப் பைப்ப மாட்டின?"

பதிலுக்கு மாஸ்டர் காத்திருக்கவில்லை. வலது கையை இழுத்து, விரல்களை வைஸின் இரண்டு தாடைகளுக்கு நடுவில் வைத்து, கைப்பிடியைச் சுற்றினான். முதல் சுற்றில் இரும்பு தோலைத் தொட்டு நின்றது. தன் வைஸ் அவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று ஊமைக்கு அதுவரை தெரியாது. இரண்டாவது சுற்றில் விரல் நுனிகள் வெளுத்தன. தம்பிக்குக் காலை எடுத்ததைப் பற்றி மாஸ்டர் பேசிக்கொண்டே சுற்றினான். மயக்கம் தெளிந்ததும் பயல் போர்வையைத் தடவிப் பார்த்துவிட்டு, கால் மடங்கி இருக்கிறதா அண்ணா என்று கேட்டானாம். அதைச் சொல்லும்போது மாஸ்டரின் குரல் உடைந்தது, கை நிற்கவில்லை. சுண்டுவிரலுக்குப் பக்கத்து எலும்பு முதலில் முறிந்தது. அது சின்னச் சத்தம். ஊமை கத்தினான். கொட்டகையில் அவன் குரல் அவ்வளவு பெரிதாக எழுந்தது அதுவே முதல் தடவை.

அந்த நேரத்தில் ஷட்டருக்கு அடியில் குனிந்துகொண்டு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். மாஸ்டரின் அப்பா. மகன் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிய வேகத்தைப் பார்த்துப் பயந்து, டாக்ஸி பிடித்துப் பின்னாலேயே வந்திருக்கிறார். குடையை மடக்கக்கூடத் தோன்றாமல் விரித்தபடியே நின்றார். விட்டுவிடு என்று இரண்டு முறை சொன்னார். மாஸ்டர் திரும்பவில்லை. இந்த ஆள் கவர் போடாமல் ஏமாற்றித்தான் சின்னவனுக்குக் கால் போனது, நீங்கள் வெளியே போங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, மறுபடியும் கைப்பிடியைப் பிடித்தான். இன்னொரு எலும்பு போயிற்று.

ரேடியோவுக்கு அப்போதுதான் குரல் வந்தது.

"நீங்கதான மாஸ்டர் கழட்டச் சொன்னீங்க."

அழுதுகொண்டே சொன்னான். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. அண்ணன் உதிரிபாகம் வாங்கப் போயிருந்தார், நீங்கள் வந்தீர்கள், கவர் போட்டதிலிருந்து சத்தம் அமுங்குகிறது, கிழவன் இருமுகிற மாதிரி இருக்கிறது என்றீர்கள், அண்ணனுக்குத் தெரியவேண்டாம் என்றீர்கள், தகட்டையும் கழற்றச் சொன்னீர்கள், குட்டைப் பைப்பை டிக்கியில் இடத்தை அடைக்கிறது என்று இங்கேயே வீசிவிட்டுப் போனீர்கள், கழற்றினது நான், அவர் கையை விடுங்கள் என்று மூச்சு வாங்காமல் கொட்டினான்.

ஊமையின் தோளைப் பிடித்திருந்த பையன்களில் ஒருவன் கையை எடுத்துவிட்டான்.

"நீயா சொன்ன?" என்று கேட்டார் அப்பா.

மாஸ்டர் அப்பாவைப் பார்க்கவில்லை. இரண்டு நாளாக அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்த பொய்யை ஒருத்தன் பெற்ற தகப்பன் முன்னால் உரித்துவிட்டான். வைஸை அப்படியே விட்டுவிட்டு ரேடியோவின் மேல் பாய்ந்தான். கழுத்தைப் பிடித்து இழுத்து, நின்ற காரின் கதவுத் தூணில் முகத்தை மோதினான். ஒருமுறை, இன்னொருமுறை. மூக்கு உடைந்து ரத்தம் கண்ணாடியில் தெறித்தது. கீழே தள்ளி, மார்பில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கட்டைவிரலையும் தொண்டைக்குழியில் வைத்து அழுத்தினான். இனி அவனுக்குக் கவரும் வேண்டாம், காலும் வேண்டாம். அந்த வாய் அடைந்தால் போதும். ரேடியோவின் குதிகால்கள் தரையை உதைத்தன. பையன்கள் இருவரும் அதைப் பார்த்த மாத்திரத்தில் ஷட்டருக்கு அடியில் நுழைந்து ஓடிவிட்டார்கள்.

ஊமை இடது கையால் வைஸைத் திறந்தான். இடது கைக்குப் பழக்கமில்லாததால் முதலில் தப்பான பக்கம் சுற்றி, வலியில் கண் இருட்டிவிட்டது. பிறகு சரியான பக்கம் சுற்றினான். கை வெளியே வந்தது. அது கை மாதிரி இல்லை. அதைப் பார்க்காமல் சுவரில் சாத்தியிருந்த இரும்புக் குழாயை எடுத்தான். துருப்பிடித்த வீல் நட்டைக் கழற்ற, ஸ்பானரின் பிடியில் சொருகி நீளம் கூட்டிக்கொள்கிற குழாய். ஒரு ஆள் உயரத்தில் பாதி இருக்கும்.

முதல் அடி மாஸ்டரின் முதுகில் விழுந்தது. அவன் விடவில்லை. இரண்டாவது அடியை மண்டியிட்டிருந்த முட்டியின் பக்கவாட்டில் வைத்தான். அது உடைந்தது ஊமையின் இடது கை வழியாகத் தோள்வரை தெரிந்தது. மாஸ்டர் சரிந்தான். ரேடியோ இருமிக்கொண்டே புரண்டு, டயர்களுக்குப் பின்னால் போய்விட்டான். அதை ஊமை பார்த்தான். சகலை தப்பிவிட்டான் என்று தெரிந்தே, மூன்றாவது அடியை அதே முட்டியில் போட்டான். நான்காவதையும் போட்டான். வாழ்க்கையில் யார் மேலும் கை ஓங்காத மனுஷன். குழாய் இறங்குகிற ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் அடைத்திருந்த எதுவோ திறந்து, சில்லென்று காற்று உள்ளே போனது. அவனுக்கு அது நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவும் தெரிந்தது. மாஸ்டர் கையை உயர்த்தி வேண்டாம் என்றான். அந்தக் கையிலும் ஒன்று விழுந்தது.

அடுத்ததற்குக் குழாயைத் தலைக்கு மேலே தூக்கினான். அது இறங்குகிற நேரத்தில் அப்பா மகனின் மேல் குறுக்கே விழுந்து படுத்துக்கொண்டார். குழாயை நிறுத்தப் பார்த்தான், நிற்கவில்லை. அது பெரியவரின் தோளில் இறங்க, கழுத்துப்பட்டை எலும்பு காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒடிந்தது.

அவர் கத்தவில்லை. மகனின் தலையை நல்ல கையால் மூடியபடி, "போதும்ப்பா" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

ஊமையின் கையிலிருந்து குழாய் விழுந்து உருண்டு, மேசைக் காலில் முட்டி நின்றது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். விரித்த குடை கொட்டகை நடுவில் காற்றுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸுக்குப் பேசியது ரேடியோதான். அந்தத் தொண்டையோடு எப்படிப் பேசினானோ, இடத்தை மூன்று தடவை சொன்னான்.

நால்வரையும் ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். ஐந்தாவது ஆள் ஏற்கெனவே அங்கே இருந்தான். ஊமையின் மனைவி வந்து சேர்ந்தபோது அவனுக்கு இரண்டு விரல்களை எடுத்தாகிவிட்டது. மிச்சம் இருந்ததைக் கட்டுப்போட்டு மார்போடு தொங்கவிட்டிருந்தார்கள். அவள் அழவில்லை. ரேடியோ மூக்கில் பிளாஸ்திரியோடு வந்து கட்டில் ஓரத்தில் மண்டியிட்டு, என்னை மன்னித்துவிடுங்கள் அண்ணே, பயந்துவிட்டேன், முதல் சுற்றிலேயே சொல்லியிருக்கவேண்டும் என்று தேம்பினான். ஊமை போர்வைக்குள்ளிருந்து காலை எடுத்து அவன் நெஞ்சில் ஒரு உதை விட்டான். ரேடியோ எதிர்க் கட்டில் வரை போய் விழுந்தான். நர்ஸ் ஓடி வந்தாள்.

"உதைச்சது சரிதான்" என்றாள் மனைவி, எல்லோரும் போன பிறகு. "ஆனா அவன் என் தங்கச்சி புருஷன். இன்னொரு தடவை வேண்டாம்."

போலீஸ் வந்தபோது ஊமை நடந்ததை நடந்தபடி சொன்னான். சகலையைக் காப்பாற்றத்தான் அடித்தேன் என்று சொல்லச் சொல்லி வக்கீல் கற்றுக்கொடுத்திருந்தார். முதல் இரண்டு அடி அதற்கு, மற்றதெல்லாம் எனக்கு என்று சொல்லிவிட்டான். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். அவனுக்குத் துணையாக வந்தது யாரும் எதிர்பார்க்காத ஆள். தோளில் கட்டோடு கோர்ட்டுக்கு வந்த மாஸ்டரின் அப்பா, காரின் கவரைக் கழற்றச் சொன்னது என் மூத்த மகன், கையை வைஸில் வைத்ததும் அவன், கழுத்தை நெரித்ததும் அவன் என்று சாட்சி சொன்னார். மாஸ்டர் குனிந்த தலை நிமிரவில்லை. அவனுக்குத் தண்டனை பெரிது. ஊமைக்குச் சின்னது. அடுத்த மழைக்காலத்தை ஊமை ஜெயிலில் கழித்தான். அங்கே அவனிடம் யாரும் வம்பு பண்ணவில்லை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று ஒரு பேச்சு உண்டே, அதைச் சொல்லிச் சிரித்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள்.

வெளியே வந்தபோது பட்டறை ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோ ஒற்றை ஆளாக அதை இழுத்துப் பிடித்திருந்தான். அவனும் மாறியிருந்தான். மூக்கு ஒரு பக்கம் சாய்ந்து, குரல் கரகரத்து, வருகிறவர்களிடம் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினான். ரேடியோவுக்கு பேட்டரி போய்விட்டது என்று தெருவில் சொன்னார்கள். ஊமை தன் மேசைக்குப் போனான். மூன்று விரலும் இடது கையுமாக ஸ்பானர் பிடிக்கப் பழகினான். சகலைகள் ஒரே கொட்டகையில் வேலை செய்தார்கள், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஏதாவது சொல்லவேண்டும் என்றால் அக்காவும் தங்கையும் போனில் பேசி, அது மறுநாள் சுற்றிவளைத்து வந்து சேரும்.

ஒரு காலையில் மாஸ்டரின் தம்பி வந்தான். தனியாக, இரண்டு ஊன்றுகோலோடு. தோள்கள் இன்னும் பெருத்திருந்தன. ஒரு பக்கக் கால்சட்டையை மடித்துப் பின் குத்தியிருந்தான். ரேடியோ அவனைப் பார்த்ததும் ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டகையின் கடைசிக்குப் போய் நின்றான். தம்பி அவனைக் கண்டுகொள்ளவில்லை. நேராக ஊமையிடம் வந்தான். வழியில் மேசை மூலையில் இருந்த வைஸையும், ஊமையின் கையையும் பார்த்தான்.

"ஒண்ணு கேக்கணும்" என்றான். "அந்தக் கவர் இருந்திருந்தா வண்டி நின்னிருக்காதா?"

அண்ணன் இதைப் பற்றிப் பேச மாட்டேன் என்கிறான், அப்பாவுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஒவ்வொரு மெக்கானிக்கும் ஒவ்வொன்று சொல்கிறான், அதனால் மாட்டினவரிடமே கேட்க வந்தேன் என்றான்.

ஊமை வழக்கம்போல யோசித்தான். இந்தப் பையன் அவன் யோசித்து முடிகிறவரை காத்திருந்தான்.

"நின்னிருக்கும்" என்றான் ஊமை. "கவர் தெறிக்கிற தண்ணிக்கு. நீ இறக்கின தண்ணி ஹெட்லைட் பாதி வரைக்கும் இருந்துச்சு. ஃபில்டர் முழுசா முங்கியிருக்கு. துணியோட முங்கினாலும் அது குடிக்கத்தான் செய்யும்."

"அந்தக் குட்டைப் பைப்?"

"அது இருந்தா ஒருவேளை. பஸ் அடிச்ச அலைக்கு அதுவும் தாங்கியிருக்குமான்னு தெரியல. இறங்காம இருந்திருக்கணும்."

தம்பியின் முகம் வெளுத்துப்போனது. இத்தனை நாளும் அண்ணனை வெறுத்து, அந்த வெறுப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவன் கட்டிலைவிட்டு எழுந்திருக்கிறான்.

"இத நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே. கையை உடைக்கும்போது சொல்லியிருக்கலாமே."

"யாரும் கேக்கல."

தம்பி வலதுபக்க ஊன்றுகோலைத் தூக்கினான். எடை தூக்குகிறவனின் தோள். அது காற்றைக் கிழித்துக்கொண்டு வந்து ஊமையின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் விழுந்தது. ஊமை ஒதுங்கவில்லை. ஒதுங்க நேரம் இருந்தது. அடித்த வேகத்தில் தம்பிக்கு நிலை தவறி, ஒற்றைக் காலில் ஒரு தத்துத் தத்தி, கிரீஸ் படிந்த தரையில் முகம்குப்புற விழுந்தான். விழுந்த இடத்தில் கிடந்தபடியே தரையை முஷ்டியால் குத்தினான். சிமெண்டில் தோல் கிழிந்தும் குத்தினான்.

ரேடியோ கடைசியிலிருந்து ஓடி வந்தான். கையில் பெரிய ஸ்பானர். எங்கள் அண்ணன் மேல் இன்னொரு தடவை கை வைக்கிறாயா என்று அந்தக் கரகரத்த தொண்டையில் கத்திக்கொண்டு, கீழே கிடந்தவனின் மண்டைக்கு நேராக அதை ஓங்கினான். அன்று வராத வீரம் இன்று வந்திருந்தது. ஊமை எட்டி, மூன்று விரல் கையாலேயே அவன் மணிக்கட்டைப் பிடித்தான். பிடி அவ்வளவு வலுவில்லை. உதறினால் விட்டிருக்கும். ரேடியோ உதறவில்லை.

"விடுடா" என்றான் ஊமை. "அவனத் தூக்கு."

ரேடியோ ஸ்பானரைக் கீழே போட்டான். குனிந்து தம்பியின் அக்குளில் கை கொடுத்தான். ஒரு பக்கம் அவனும் மறுபக்கம் ஊமையுமாக அந்தப் பெரிய உடம்பைத் தூக்கி ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். தம்பியின் நெற்றியில் கிரீஸும் ரத்தமும் கலந்து வழிந்தது. ஊமை ஒரு சுத்தமான துணியைத் தேடி எடுத்துக் கொடுத்தான். ரேடியோ தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான்.

தம்பி துணியை வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டான். தண்ணீரை வாங்கவில்லை.